ஃபிளின்ட்: ஒரே நகரம், இரண்டு அவசரநிலைகள்

அவசரநிலை என்ற சொல் தமிழ் வாசகர்களுக்கு, குறிப்பாக மூத்த தலைமுறைக்கு, 1975ஆம் ஆண்டை நினைவூட்டும். டெல்லியில் இருப்பவர்கள் அறிவிப்பது, குடிமக்களின் உரிமைகளை முடக்குவது என்ற பொருளில்தான் அது நம் காதில் விழுந்து பழகியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நகர நிர்வாகம் தன் எல்லைக்குள் அவசரநிலை அறிவித்தது என்ற செய்தியை அந்தப் பழக்கத்தோடு படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். அங்கே நகரம் வெளியிடும் அவசரநிலை அறிவிப்பு பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும் முறையீடு. "இது எங்கள் கைமீறிப் போய்விட்டது, எங்களிடம் இருக்கும் பணமும் ஆட்களும் போதாது" என்பதைச் சட்டம் கேட்கும் வடிவத்தில் எழுதி, மேயர் கையெழுத்திட்டு, கவுன்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மாநிலத்துக்கும் அனுப்பும் ஆவணம் அது.

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகர மேயர் கேரன் வீவர் 2015 டிசம்பர் 14 அன்று வெளியிட்ட அறிவிப்பு அத்தகையது. குடிநீர்க் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்திருந்தது. உளவியலாளரான வீவர் மேயராகப் பதவியேற்று அன்றைக்குச் சரியாக ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. நகருக்கு நேர்ந்திருப்பது மனிதர்களால் உண்டான பேரழிவு என்றும், ஈயம் குழந்தைகளுக்குச் செய்யும் கேட்டைத் திருத்த இயலாது என்றும், சிறப்புக் கல்வி, மனநலச் சேவை, சிறார் நீதி அமைப்பு ஆகியவற்றின் தேவை இனி கூடும் என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. புயலுக்கோ வெள்ளத்துக்கோ வெளியிடப்படும் அறிவிப்பில் இப்படிப்பட்ட வரிகளைப் பார்க்க முடியாது. நேற்று இடிந்த வீட்டைப் பற்றிப் பேச வேண்டிய ஒரு படிவத்தில், பல ஆண்டுகள் கழித்து ஒரு வகுப்பறையில் வெளிப்படப்போகும் பாதிப்பை எழுத வேண்டியிருந்தது.

இதில் முதல் பார்வைக்குப் புரியாத ஒன்று உண்டு. கேடு விளைவித்த ஆற்றுநீரை நகரம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, அக்டோபர் 16 அன்றே, நிறுத்திவிட்டது. பிறகு எதற்காக அவசரநிலை? விடை தேடிப் போனால், அதே நகரின் மீது நான்கு ஆண்டுகளுக்கு முன் சுமத்தப்பட்ட வேறோர் அவசரநிலையில்தான் போய் நிற்கிறோம். முதலாவது மேலிருந்து இறங்கியது, நகரத்தின் கணக்குப் புத்தகத்தைப் பற்றியது. இரண்டாவது கீழிருந்து எழுந்தது, மக்களின் உடலைப் பற்றியது. முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை விளக்க முடியாது என்று நான் கருதுகிறேன்.

ஃபிளின்ட், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908இல் பிறந்த ஊர். 1936 இறுதியில் தொடங்கிய உள்ளிருப்புப் போராட்டத்தின் வழியாக அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் காலூன்றியதும் இங்கேதான். 1960இல் ஏறத்தாழ 2 லட்சம் பேர் வாழ்ந்த நகரம், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு, 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,02,000 பேராகச் சுருங்கியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். நகரில் சுமார் 40 சதவீதத்தினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். மக்கள் வெளியேறினாலும் 2 லட்சம் பேருக்காகப் போட்ட குழாய்கள் மண்ணுக்குள் அப்படியே இருந்தன. அவற்றைப் பராமரிக்கும் செலவை மிஞ்சியவர்கள் சுமக்க வேண்டியிருந்தது. நாட்டிலேயே மிக அதிகமான குடிநீர்க் கட்டணம் செலுத்தியவர்களில் இந்த ஏழை நகரத்தின் மக்களும் இருந்தார்கள்.

2011 இறுதியில் ஆளுநர் ரிக் ஸ்னைடரின் அரசு ஃபிளின்ட் நிதி அவசரநிலையில் இருப்பதாக அறிவித்து, அவசரகால மேலாளர் ஒருவரை நியமித்தது. மாநில அரசு நியமிக்கும் இந்த மேலாளர், தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரின் அதிகாரத்தையும் நகர்மன்றத்தின் அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொள்வார். அவர் பதில் சொல்ல வேண்டியது ஆளுநருக்கு. ஊர் மக்களுக்கு அல்ல. இந்தச் சட்டத்தை மிச்சிகன் வாக்காளர்கள் 2012 நவம்பரில் நேரடி வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்றம் அதே நோக்கில் புதிய சட்டத்தை இயற்றி, அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துவைத்தது. நிதி ஒதுக்கும் சட்டங்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியாது என்பது அம்மாநிலத்தின் விதி. மக்கள் இரண்டாம் முறை மறுப்பதற்கான வழி அப்படி அடைக்கப்பட்டது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு சட்ட நுணுக்கத்தை மனத்தில் வைத்திருப்பது அவசியம்.

1967 முதல் ஃபிளின்ட், ஹியூரான் ஏரியின் நீரைச் சுத்திகரித்த நிலையில் டெட்ராய்ட் நகரிடமிருந்து விலைக்கு வாங்கிவந்தது. அதே ஏரியிலிருந்து தனிக் குழாய்ப்பாதை அமைக்கும் கரெக்னாண்டி நீர் ஆணையத்தில் சேர 2013 மார்ச்சில் நகர்மன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் வாக்களித்தது. ஆனால் புதிய குழாய்ப்பாதை தயாராவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை டெட்ராய்ட் நீரையே தொடராமல், ஊருக்குள் ஓடும் ஃபிளின்ட் ஆற்று நீரைப் பயன்படுத்தினால் சுமார் 50 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று கணக்கிடப்பட்டது. அந்த இடைக்கால முடிவு அவசரகால மேலாளர்களுடையது என்று ஆளுநரே நியமித்த விசாரணைக் குழு பின்னர் தெளிவாகப் பதிவு செய்தது. நகர்மன்றம் புதிய குழாய்க்கு வாக்களித்ததே தவிர, ஆற்று நீருக்கு வாக்களிக்கவில்லை.

2014 ஏப்ரல் 25 அன்று சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்த சிறு விழாவில் அன்றைய மேயர் டேய்ன் வாலிங் ஒரு கறுப்புப் பொத்தானை அழுத்தி டெட்ராய்ட் நீரை நிறுத்தினார். கூடியிருந்த அதிகாரிகள் ஆற்று நீர் நிரம்பிய குவளைகளை உயர்த்திக் குடித்தார்கள். அந்த நிலையத்தில் அந்த நீர் குடிக்கத் தகுந்ததாகவே இருந்திருக்கலாம். கேடு ஆற்றிலோ நிலையத்திலோ தொடங்கவில்லை. நிலையத்தைத் தாண்டி வீட்டுக் குழாய் வரை தண்ணீர் போகும் பாதையில்தான் தொடங்கியது.

இங்கே ஈயத்தைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறித்துவந்திருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். ஃபிளின்டில் கரைந்தது காரீயம். காரீயம் எளிதில் வளையும், துருப்பிடித்து ஓட்டை விழாது. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தெருவின் பெரிய குழாயையும் வீட்டையும் இணைக்கும் சிறு குழாய்களுக்கு அமெரிக்க நகரங்கள் அதை விரும்பிப் பயன்படுத்தின. 1986இல்தான் புதிய குழாய்களில் அது தடைசெய்யப்பட்டது. குழந்தையின் உடல் காரீயத்தைக் கால்சியம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. அது மூளைக்கும் எலும்புக்கும் போகிறது. கற்கும் திறனையும் கவனத்தையும் தன்னடக்கத்தையும் குறைக்கிறது. இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இல்லை என்பதே மருத்துவ உலகின் ஒருமித்த நிலைப்பாடு.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் ஈயக் குழாய் வழியாக வந்த நீரை மக்கள் எப்படிக் குடித்தார்கள்? அந்த ஈயக் குழாய் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள்சுவரில் மெல்லிய படிவு ஒன்று ஒட்டியிருக்கும். டெட்ராய்ட் தன் நீரில் ஆர்த்தோபாஸ்பேட் என்ற உப்பைச் சிறிதளவு கலந்துவந்தது. அது ஈயத்தோடு சேர்ந்து கரையாத ஒரு பூச்சாகப் படிந்து, உலோகத்தையும் நீரையும் பிரித்துவைக்கும். நாள்தோறும் கொஞ்சம் பாஸ்பேட் வந்துகொண்டே இருந்தால்தான் அந்தப் பூச்சு நிலைக்கும். ஆற்று நீருக்கு மாறியபோது ஃபிளின்ட் எந்த அரிப்புத் தடுப்பு மருந்தையும் கலக்கவில்லை. ஆற்று நீரில் குளோரைடு உப்பு டெட்ராய்ட் நீரில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். அது உலோகத்தை அரிக்கும் தன்மையுடையது. பல பத்தாண்டுகளாகப் படிந்திருந்த காப்பு சில மாதங்களில் உரிந்தது. சில வீடுகளில் ஈயத் துணுக்குகளே உதிர்ந்து நீரோடு வந்தன.

பாஸ்பேட் கலக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 டாலர் செலவாகியிருக்கும் என்று பின்னாளில் மதிப்பிடப்பட்டது. அதைக் கலக்காததற்குச் சிக்கனம் மட்டும் காரணம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1991இல் வந்த ஈயம், செம்பு பற்றிய கூட்டாட்சி விதி, பெரிய நகரங்கள் அரிப்புத் தடுப்பு முறையைத் தொடர்ந்து கையாள வேண்டும் என்கிறது. மாநிலச் சுற்றுச்சூழல் தரத் துறை அந்த விதியைத் தவறாகப் படித்தது: முதலில் ஆறு மாதம் வீதம் இரண்டு முறை சோதிப்போம், தேவை என்று தெரிந்தால் மருந்து கலப்போம் என்று முடிவுசெய்தது. ஒரு லட்சம் பேர் குடிக்கும் நீரை ஓராண்டு சோதித்துப் பார்த்த பிறகு பாதுகாப்பைப் பற்றி யோசிப்பது என்பதே அதன் பொருள். இதையும் மீறி, ஃபிளின்டில் அரிப்புத் தடுப்பு நடைமுறையில் இருப்பதாக அத்துறையின் அலுவலர் ஒருவர் 2015 பிப்ரவரியில் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு எழுதினார். அது உண்மையல்ல.

எச்சரிக்கைகள் தொடக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. நீரின் நிறமும் வாடையும் மாறியதாகவும், குளித்தால் தோலில் தடிப்பு வருவதாகவும் மக்கள் சொன்னார்கள். 2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நீரில் கிருமிகள் தென்பட்டு, கொதிக்க வைத்துக் குடிக்கும்படி நகரம் அறிவித்தது. அரிக்கப்பட்ட இரும்புக் குழாய்கள் குளோரினை விழுங்கிவிட்டதால் கிருமிகள் பெருகின. கிருமிகளைக் கொல்ல மேலும் குளோரின் சேர்த்தார்கள். அது நீரிலிருந்த கரிமப் பொருளோடு வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன்கள் என்ற துணைப் பொருள்களை அளவு மீற உண்டாக்கியது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்டது. கொதிக்க வைப்பது ஈயத்தை நீக்காது. நீர் ஆவியாவதால் மிஞ்சியதில் ஈயத்தின் செறிவு கூடத்தான் செய்யும். அரசு சொன்னபடி நடந்துகொண்ட தாய்மார்கள் அறியாமலே குழந்தைகளுக்கு அதைப் புகட்டியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு ஃபிளின்ட் நீர் வேண்டாம் என்று முடிவுசெய்து, ஹியூரான் ஏரி நீருக்கே திரும்பியது. எஞ்சின் பாகங்கள் அரித்துப்போனதே காரணம். உலோக உதிரிபாகங்களுக்கு ஒவ்வாத நீர் மக்களுக்கு ஒவ்வுமா என்று யாராவது ஓர் அதிகாரி அன்றே கேட்டிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும். 2015 ஜனவரியில் மீண்டும் நீர் தருவதாக டெட்ராய்ட் முன்வந்தது, மேலாளர் ஏற்கவில்லை. மார்ச்சில் டெட்ராய்ட் நீருக்குத் திரும்ப வேண்டும் என்று நகர்மன்றம் ஏழுக்கு ஒன்று என வாக்களித்தது. அப்போதைய மேலாளர் ஜெரி ஆம்ப்ரோஸ் அதைப் புரிந்துகொள்ள முடியாத முடிவு என்று ஒதுக்கினார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் சொன்னதைத் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தள்ள முடிந்தது முதல் அவசரநிலை தந்த அதிகாரத்தால்தான்.

உண்மை வெளிவந்தது குடிமக்களாலும் வெளியார் சிலராலும். லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் தன் வீட்டு நீரைச் சோதிக்கச் சொல்லி வற்புறுத்தினார். சோதிக்கும் வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஈயம் நூறு கோடிப் பங்கில் 15 பங்கைத் தாண்டினால் நடவடிக்கை தேவை என்பது அன்றைய கூட்டாட்சி விதி. அவர் வீட்டில் முதலில் 104, அடுத்த சோதனையில் 397 வந்தது. விர்ஜினியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் ஆய்வகம் அதே வீட்டில் எடுத்த மாதிரிகளில் ஒன்று 13,200ஐத் தொட்டது. 5,000ஐத் தாண்டினாலே அபாயகரமான கழிவு என்று வகைப்படுத்துவார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மிகெல் டெல் டோரல் 2015 ஜூனில் எழுதிய குறிப்பு, அரிப்புத் தடுப்பே இல்லை என்பதை எடுத்துச் சொன்னது. மேலதிகாரிகள் உடனே செயல்படவில்லை.

சோதனை எடுக்கப்பட்ட விதத்தையும் அருகில் சென்று பார்க்க வேண்டும். மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவு குளிர்நீர்க் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுமாறு மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அப்படிச் செய்தால் குழாய்க்குள் தளர்ந்து கிடக்கும் ஈயத் துகள்கள் பெருமளவு முன்னரே கழுவப்பட்டுவிடும். காலையில் பிடிக்கும் நீர் சுத்தமாகத் தெரியும். அத்தனைக்குப் பிறகும் 2015 முதல் ஆறு மாதச் சோதனையின் முடிவு எல்லையைத் தாண்டியது. அதிலிருந்து இரண்டு மாதிரிகள் நீக்கப்பட்டதும் எண் 11க்கு இறங்கியது. நீக்கப்பட்டவற்றில் ஒன்று வால்டர்ஸின் வீட்டு மாதிரி.

ஹர்லி மருத்துவ மையத்தின் குழந்தைகள் நல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா தன் மருத்துவமனைப் பதிவேடுகளைத் திரட்டி, 2015 செப்டம்பர் 24 அன்று செய்தியாளர்கள் முன் வைத்தார். பின்னர் ஆய்விதழில் வெளியான அவரது கணக்குப்படி, இரத்தத்தில் ஈயம் குறிப்பு அளவைத் தாண்டிய சிறு குழந்தைகளின் விகிதம், நீர் மாறிய பிறகு, 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகியிருந்தது, மிக மோசமான பகுதிகளில் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மாநில அதிகாரிகள் முதலில் அதை மறுத்தார்கள். சில நாள்களில் தங்கள் தரவுகளைத் திரும்ப ஆராய்ந்தபோது அவர்களுக்கும் அதே முடிவுதான் கிடைத்தது. அக்டோபர் 1 அன்று, ஃபிளின்ட் அடங்கிய ஜெனிசி கவுன்டி பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்து, வடிகட்டாத நீரைக் குடிக்க வேண்டாம் என்றது. மாநிலம் 60 லட்சம், ஃபிளின்டைச் சேர்ந்த தொண்டு நிறுவனமான மாட் அறக்கட்டளை 40 லட்சம், நகரம் 20 லட்சம் டாலர் என்று பணம் திரட்டி, அக்டோபர் 16 அன்று டெட்ராய்ட் நீர் மீண்டும் திறந்துவிடப்பட்டது.

நீரை மாற்றினால் எல்லாம் முடிந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். பூச்சு உரிந்துபோன குழாய் அப்படியேதான் இருந்தது. நல்ல நீர் வந்தாலும் புதிய படிவு உருவாக மாதங்கள் ஆகும். டிசம்பரில்தான் கூடுதல் பாஸ்பேட் கலக்கத் தொடங்கினார்கள். அதுவரை எந்த வீட்டில் எந்த நாளில் எவ்வளவு ஈயம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீவர் டிசம்பரில் அவசரநிலை அறிவித்ததற்கு முதல் காரணம் இந்த வேதியியல். இரண்டாவது காரணம் சட்டம். அவசரகால மேலாளர் 2015 ஏப்ரலில் வெளியேறியிருந்தாலும், மாநிலம் அமைத்த மேற்பார்வைக் குழு நகரின் முடிவுகளைக் கட்டுப்படுத்திவந்தது. மேயருக்குரிய நிர்வாக அதிகாரங்கள் 2016 ஜனவரியில்தான் திரும்ப வந்தன. பணம் இல்லை, அதிகாரமும் முழுதாக இல்லை என்ற நிலையில் மேயரின் கையில் எஞ்சியிருந்த ஒரே வலுவான கருவி இந்த அறிவிப்பு. தேர்தல் பிரச்சாரத்தில் அதை அவர் வாக்குறுதியாகவே தந்திருந்தார்.

மிச்சிகனின் 1976ஆம் ஆண்டு அவசரகால நிர்வாகச் சட்டப்படி, இயற்கையாலோ மனிதராலோ பரவலான சேதமோ உயிரிழப்போ நேர்ந்தால், அல்லது நேரும் அபாயம் இருந்தால், நகரத்தின் தலைமை நிர்வாகி உள்ளூர் அவசரநிலையை அறிவிக்கலாம். மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அது 7 நாள்களுக்கு மேல் நீடிக்காது. இந்த அறிவிப்பு நகருக்கு நேரடியாக ஒரு டாலரும் தராது. அதன் வேலை வேறு: நகரம் தன் வசமுள்ளதைத் திரட்டிவிட்டது, இனி முடியாது என்று பதிவு செய்வதால், கவுன்டி தன் நிலையை அறிவிக்க வேண்டிய கட்டாயம் உண்டாகிறது; கவுன்டி அறிவித்தால் ஆளுநர் பதில் சொல்ல வேண்டும்; ஆளுநர் அறிவித்தால்தான் குடியரசுத் தலைவரிடம் கேட்க முடியும். ஃபிளின்டில் அந்தப் படிகளை நாள்காட்டியில் பின்தொடரலாம்: நகரம் டிசம்பர் 14, கவுன்டி ஜனவரி 4, மாநிலம் ஜனவரி 5, பராக் ஒபாமாவின் கூட்டாட்சி அவசரநிலை ஜனவரி 16. இடையில் டிசம்பர் 29 அன்று சுற்றுச்சூழல் தரத் துறையின் தலைவர் பதவி விலகினார்; ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். ஏறத்தாழ 20 மாதம் நகராத ஒன்று ஐந்து வாரங்களுக்குள் நகர்ந்தது.

கடைசிப் படியில் சட்டமே குறுக்கே நின்றது. ஸ்னைடர் பெரும் பேரிடர் என்ற வகையில் அறிவிக்கக் கேட்டு, சுமார் 9.6 கோடி டாலர் கோரினார். அமெரிக்காவின் ஸ்டாஃபோர்டு சட்டத்தில் பெரும் பேரிடர் என்பது இயற்கைச் சீற்றம், அல்லது எக்காரணத்தாலும் எழுந்த தீ, வெள்ளம், வெடிப்பு. குழாயிலிருந்து மெல்லக் கரையும் உலோகத்துக்கு அந்த வரையறையில் இடமில்லை. ஆகவே கிடைத்தது கீழ்நிலை வகையான அவசரநிலை மட்டுமே. அதன் தொடக்க வரம்பு 50 லட்சம் டாலர். தண்ணீர், வடிகட்டி, அதன் மாற்று உறைகள் ஆகியவற்றின் செலவில் 75 சதவீதத்தைக் கூட்டாட்சி அரசு 90 நாள்களுக்கு ஏற்கும் என்றது அந்த ஆணை. பின்னர் ஆகஸ்ட் வரை நீட்டித்தார்கள். புயலை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், வேதியியல் கேட்டைச் சந்திக்கும்போது தடுமாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

வேகமாக வெளிப்படும் கேடுகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 2014 ஆகஸ்டில் ஓஹியோவின் டொலீடோ நகரில் ஈரி ஏரியின் பாசிகள் வெளியிட்ட மைக்ரோசிஸ்டின் நச்சு சுத்திகரித்த நீரிலும் தென்பட்டது. அன்றே குடிக்க வேண்டாம் என்று நகரம் தடுத்தது. மூன்று நாள்களில் தடை நீங்கியது. 2023 பிப்ரவரி 3 இரவு அதே மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் வினைல் குளோரைடு ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டது. தீ கண்ணுக்குத் தெரிந்ததால் அவசரநிலை அறிவிக்க ஊர் நிர்வாகம் தயங்கவில்லை. ஃபிளின்டில் தீயும் இல்லை, புகையும் இல்லை. நிறமற்ற, சுவையற்ற ஈயத்தைக் காண ஆய்வகம் வேண்டும். ஆய்வக முடிவை நம்ப அதிகாரத்துக்கு மனம் வேண்டும்.

அறிவிப்புக்குப் பிந்தைய ஜனவரியில் தேசியக் காவல் படையினர் வீடு வீடாகச் சென்று பாட்டில் தண்ணீரும் வடிகட்டியும் கொடுத்தார்கள். வடிகட்டியைக் கையில் கொடுத்தால் போதாது என்பது விரைவில் தெரிந்தது. பழைய வீடுகளின் சமையலறைக் குழாய்முனையில் அது பொருந்தவில்லை; வெந்நீர் அதன் வழியாக ஓடக் கூடாது; உள்ளிருக்கும் உறையைக் காலம் பார்த்து மாற்ற வேண்டும். அந்த மாத இறுதியில் சுமார் 300 குழாய்த் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தின் வழியாகத் தன்னார்வமாக வந்து, ஒரே நாளில் பல நூறு வீடுகளில் குழாய்முனைகளையும் வடிகட்டிகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். சமைக்கவும் பல் துலக்கவும் பால் பவுடர் கரைக்கவும் அளந்து அளந்து பாட்டிலைத் திறந்த குடும்பங்கள், அந்த நீருக்கான மாதக் கட்டணத்தையும் செலுத்திவந்தன.

இதே நாள்களில், ஜனவரி 13 அன்று, ஆளுநர் இன்னொன்றையும் வெளியிட்டார்: 2014, 2015 ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 90 பேருக்கு லீஜனேர் நோய் என்ற நிமோனியா கண்டிருந்தது, 10 பேர் இறந்திருந்தார்கள் (இறந்தோர் எண்ணிக்கை பின்னர் 12 ஆனது). குளோரின் குறைந்த குழாய்களில் பெருகும் பாக்டீரியாவால் வருவது அது. மாநிலத் துறைகளில் சிலருக்கு முன்பே தெரிந்திருந்த இந்தச் செய்தி, அவசரநிலை பெயரளவிலாவது ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே மக்களுக்குச் சொல்லப்பட்டது.

அவசரநிலை அறிவிப்பால் குழாய்களை மாற்ற முடியவில்லை. எந்த வீட்டுக்கு ஈயக் குழாய் போகிறது என்பதே நகரத்துக்குத் தெரியாது. பதிவுகள் பென்சிலால் எழுதிய சுமார் 45,000 சிறு அட்டைகளில் கிடந்தன. மண்ணைத் தோண்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் 10 கோடி டாலர் ஒதுக்கியது. 2017 மார்ச்சில் குடிமக்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாடுதான் குழாய்களை மாற்றும் கடமையை நகரத்தின் மீதும் அதற்குப் பணம் தரும் கடமையை மாநிலத்தின் மீதும் சட்டப்படி சுமத்தியது. மூன்றாண்டுகளில் முடிய வேண்டிய பணி, ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டு 2025 ஜூலையில்தான் நிறைவுற்றதாக நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 ஜனவரியில் பிறப்பித்த அவசர ஆணை 2025 மே மாதத்தில்தான் விலக்கப்பட்டது.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குக் குற்றவியல் நீதிமன்றம் விடை தரவில்லை. ஸ்னைடர் உட்பட ஒன்பது பேர் மீது 2021இல் குற்றம் சாட்டப்பட்டது. குடிமக்கள் அடங்கிய பெரு நடுவர் குழுவின் (கிராண்ட் ஜூரி) இடத்தில் ஒரே நீதிபதி இருந்து குற்றப்பத்திரிகை வழங்கியது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியதால் அந்த வழக்குகள் விசாரணைக்கே வராமல் முடிந்தன. உரிமையியல் வழக்கில் 62.6 கோடி டாலர் உடன்பாட்டை 2021 நவம்பரில் நீதிமன்றம் ஏற்றது. அதில் பெரும்பகுதி, நீர் மாறிய காலத்தில் சிறார்களாக இருந்தவர்களுக்கு. மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, ஊரின் பெரும்பான்மை கறுப்பின மக்களாக இருந்ததற்கும் அவர்களின் குரல் கேட்கப்படாததற்கும் தொடர்பு உண்டு என்று வெளிப்படையாகவே எழுதியது. அந்த முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். வாக்குரிமை செயலிழந்திருந்த ஊரில் மக்களின் புகாருக்கு எடை இருக்கவில்லை.

இரத்தத்தில் ஈயம் நீடிப்பது சில வாரங்கள்தான். அதன் அளவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். 2014 கோடையில் அந்த நீரைக் குடித்த குழந்தையை 2016இல் சோதித்தால் எதுவும் தெரியாமல் போகலாம். அதனால்தான் இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பாமல், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் கூட்டாட்சி நிதியுதவியோடு ஃபிளின்ட் பதிவேடு என்ற ஒன்றைத் தொடங்கியது. 2014 ஏப்ரல் 25க்கும் 2015 அக்டோபர் 15க்கும் இடையில் அந்த நீர் வந்த முகவரியில் வாழ்ந்தவர், வேலை செய்தவர், பள்ளிக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ சென்றவர் எவரும் அதில் பெயர் சேர்க்கலாம். அக்காலத்தில் தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளுக்கும் அதில் இடம் உண்டு. வீவர் அவசரநிலையை அறிவித்த மாதத்தில் கைக்குழந்தைகளாக இருந்த அவர்கள், அவருடைய அறிவிப்பு முன்கூட்டியே குறிப்பிட்ட அந்த வகுப்பறைகளில் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள்.